பெட்லர் வீதியில் விடுபட்ட சொல்

காலிக் கோட்டைக்குள் பெட்லர் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. இன்றைக்கு அதில் நடந்தால் நகைக்கடை, ஐஸ்கிரீம் கடை, கைத்தறித் துணிக்கடை, மாடியில் மேசை போட்ட உணவகம் என்று வரிசையாக வரும். ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தெருவுக்குப் பெயர் 'மூர்சே கிராமர்ஸ்திராத்'. சோனக வியாபாரிகளின் தெரு என்று அர்த்தம். ஆங்கிலேயர் வந்து அதைத் தங்கள் மொழிக்கு மாற்றியபோது வியாபாரியை வைத்துக்கொண்டு சோனகரை விட்டுவிட்டார்கள். பெட்லர் என்றால் சுமை சுமந்து வீடு வீடாக விற்பவன். அவன் எந்தச் சனம், என்ன பாஷை பேசினான் என்பது இன்றைய பெயர்ப்பலகையில் இல்லை.

வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறிப் போவது நடக்கிற காரியம்தான். ஆனால் கோட்டைக்குப் புத்துயிர் கொடுக்கிறோம் என்று கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களாக நடக்கும் வேலைகளைப் பார்த்து வருகிறவன் என்ற வகையில், அன்றைக்குத் தவறிப்போன அந்தச் சொல் இன்றும் ஒவ்வொரு திட்டத்திலும், ஒவ்வொரு விழாவிலும் தவறிக்கொண்டே இருப்பதாக எனக்குப் படுகிறது. நமது சஞ்சிகைகளில் நூலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம். பழைய நகரமொன்றைத் திருத்தி அமைக்கிறவர்களும் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர்கள்தானே. அவர்களுடைய வேலையையும் விமர்சனமாகப் பார்க்கலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொடியனாக இருந்த காலத்தில் கோட்டை என்றால் நீதிமன்றம், வக்கீல்மாரின் கந்தோர்கள், பள்ளிக்கூடம், பள்ளிவாசல். பின்னேரமானால் ஆளரவம் குறைந்துவிடும். காறை உதிர்ந்த சுவர்கள், உளுத்துப்போன விறாந்தைத் தூண்கள், பீலி ஓட்டைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்ட கூரைகள். 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் கோட்டை சேர்ந்தது. 1994இல் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் காலி மரபுரிமை மன்றம் உண்டாக்கப்பட்டது. நெதர்லாந்தின் உதவியோடு தனியார் வீடுகள் பலவற்றின் முகப்பும் கூரையும் பழைய முறைப்படி திருத்தப்பட்டன. ஒல்லாந்தரின் பண்டகசாலை நூதனசாலையானது. அவர்கள் நிலத்துக்கு அடியில் செங்கல்லால் கட்டி, கடல் வற்றும்போதும் பெருகும்போதும் தானாகக் கழுவப்படும்படி அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களைப் பற்றி இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கின, கோட்டைக்குள் இருந்தவர்களை மதில் காப்பாற்றியது. அந்த மதிலைப் பேணியது வீண் வேலை என்று யாராலும் சொல்ல முடியாது.

என் கேள்வி மதிலுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றியது.

யுனெஸ்கோ பட்டியலில் கோட்டையின் சிறப்பாகச் சொல்லப்படுவது என்ன? ஐரோப்பியக் கட்டடக் கலையும் தெற்காசிய மரபுகளும் ஒன்றோடொன்று கலந்த நகர அமைப்புக்கு, 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு வரைக்குமான மிகச் சிறந்த உதாரணம் என்பது. இந்த வாசகத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். 'ஐரோப்பிய' என்று சொன்னால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பெயர் உடனே நினைவுக்கு வருகிறது. 'தெற்காசிய' என்று சொன்னால் ஒரு பெயரும் வருவதில்லை. அந்தப் பொதுச் சொல்லுக்குள்ளேதான் எங்கட மூத்தவர்கள் எங்கேயோ ஒரு மூலையில் நிற்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலக் கணக்கில் இருக்கிறது. கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டி முடிந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல்கள் அங்கே போய்விட்ட பிறகு காலித் துறைமுகம் படுத்துவிட்டது. பறங்கியர் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கும், பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் போயின. அந்த வீடுகளில் பலவற்றை வாங்கியது யார்? மாணிக்கக்கல் வியாபாரம் செய்த, கடை வைத்திருந்த, கந்தோரில் வேலை பார்த்த முஸ்லிம் குடும்பங்கள். பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரி 1892இல் ஆரம்பமானது. வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் 1904இல் எழும்பியது. இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து இது ஏதோ பழைய தேவாலயம் என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் நினைக்கிறார்கள்.

கவனித்துப் பாருங்கள். பட்டியலில் சொன்ன காலம் 19ஆம் நூற்றாண்டோடு முடிகிறது. பள்ளிவாசல் 1904. நான்கு வருடத்தால் பிந்திவிட்டது! கோட்டை பொருளாதார ரீதியாகச் செத்துக்கிடந்த நூறு வருடம், அந்த வீடுகளுக்குள் அடுப்பெரித்து, வெள்ளை அடித்து, மழைக்கு முன் ஓடு மாற்றி, குழந்தை பெற்று, ஜனாஸா எடுத்தவர்களின் நூற்றாண்டு அந்த வாசகத்துக்குள் இல்லை. குடியிருக்காத வீடு எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது கடலோரத்தில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். ஒல்லாந்தர் கட்டியதை விழவிடாமல் வைத்திருந்தது யார் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் எழவே இல்லை.

கடல்கோளுக்குப் பிறகு மைதானத்தில் எழுப்பிய பார்வையாளர் மண்டபம் கோட்டை மதிலை மறைக்கிறது என்று யுனெஸ்கோ பல வருடம் கவலை தெரிவித்தது. நியாயமான கவலை. பார்வையை எது மறைக்கிறது என்று அளக்கக் கோல் உண்டு. ஒரு தெருவில் எத்தனை வீட்டில் இரவு விளக்கு எரிகிறது என்று அளக்க எந்தக் கோலும் கிடையாது.

வீடுகள் எப்படிக் கைமாறின என்பதைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டார் காணி வாங்கினால் நூற்றுக்கு நூறு வரி என்றிருந்தது 2002இல் நீங்கியது. கோட்டை வீடுகளுக்கு வெளிநாட்டுக் காசு வந்து விலை ஏறியது அந்தக் காலத்தில்தான். 2004இல் வரி திரும்ப வந்தது. 2014இல் வெளிநாட்டாருக்குக் காணி கைமாறுவதையே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதற்குள் விற்க வேண்டியவர்கள் விற்றுவிட்டார்கள். பிறகு உள்ளூர்ப் பணக்காரர் வாங்கினார்கள், நீண்டகாலக் குத்தகை எடுத்தார்கள்.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரர் தலையில் போடுவது லேசு. எங்கள் மாமியின் வீடு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். வாப்பாவின் மூத்த ராத்தா அவர். நடுமுற்றம் வைத்த வீடு. முருகைக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, கனத்த மரக் கதவுகள். கூரை ஒழுகத் தொடங்கியது. மரபுரிமை வீடென்றால் நினைத்தபடி தகரம் போட்டு மூட ஏலாது, அனுமதி எடுக்க வேண்டும், பீலி ஓடும் பழைய மாதிரி மரமும் வேண்டும். அதன் செலவு ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காது. மூத்தப்பா மௌத்தான பிறகு வீடு ஏழு வாரிசுகளுக்கும் பங்காகியிருந்தது. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் மாமிக்கு வந்தது ஒரு அறை. பழைய வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்கவும் விடமாட்டார்கள். ஒருவர் மற்ற ஆறு பேரின் பங்கையும் வாங்கலாம் என்றால், ஏறிய விலைக்கு யாரிடம் அவ்வளவு காசு?

"கூரய கழட்டினா திருப்பிப் போட்ற காசு எங்கிரிந்து வார? ஏழு பேரும் ஏழு ஊருல ஈக்கிய. வித்தா எல்லாருக்கும் பங்கு கெடைக்கும்" என்றார் மாமி. அழவில்லை. கணக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். தலாப்பிட்டியவில் புது வீடு கட்டிக்கொண்டு போனார். டைல்ஸ் போட்ட வீடு, ஒழுகாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு நிகழ்ச்சிக்குப் போகக் கிடைத்தது. அப்போது அது விருந்தினர் இல்லம். வேலையை மிகத் திறமையாகச் செய்திருந்தார்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கதவுகளை மாற்றவில்லை. முற்றத்துக் கிணற்றைக்கூட மூடவில்லை, சுற்றி மெழுகுதிரி வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிய இளைஞர் ஒல்லாந்தர் காலத்து அதிகாரி ஒருவரின் வீடு இது என்று தொடங்கி, திருத்திய ஆண்டுக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். வெள்ளிக்கிழமை இரவுகளில் யாசீன் ஓதிய அறையில் இப்போது வைன் போத்தல்கள் இருந்தன. அது வாங்கியவருடைய உரிமை, அதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தப் பாய்ச்சல்தான். இடையில் நாங்கள் இருந்த நூறு வருடமும் கதையில் இல்லை.

இனி விழாக்கள். காலி இலக்கிய விழா 2007 ஜனவரியில் ஆரம்பமானது. 2012க்குப் பின் சில காலம் நின்று, 2016இல் திரும்ப வந்து, மறுபடியும் இடைவெளி விட்டு 2024இல் நடந்தது. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்களை ஒரு சிறிய கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தது சின்ன வேலை அல்ல. கடல்கோளிலும் யுத்தத்திலும் துவண்டிருந்த ஊருக்கு அது ஒரு மூச்சு. அறைகள் நிரம்பின, முச்சக்கரவண்டிக்காரருக்கு ஓட்டம் கிடைத்தது, பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சிகள் வைத்தார்கள்.

ஆனால் விழாவின் மொழி ஆங்கிலம். சிங்களமும் தமிழும் அதில் விருந்தாளிகள். விழா நடக்கும் தெருவில் வாசல் திறந்து நின்று பார்க்கும் உம்மாவின் பாஷை தமிழ், அதுவும் எந்த மேடையிலும் கேட்காத தெற்குத் தமிழ். 'ஈக்கிய', 'செல்லிய', 'எனத்தியன்' என்று நாங்கள் பேசும் பேச்சை வைத்துக் கதை எழுத முடியும் என்று காட்டியவர் திக்குவல்லை கமால். மாத்தறையைத் தாண்டினால் திக்குவல்லை. கோட்டையிலிருந்து அதே கடற்கரை, அதே வீதி. இலக்கிய விழா என்ற பெயரில் ஒன்று நடக்கும்போது அந்தக் கதைகளை அந்த மண்ணில் உரக்க வாசிப்பதற்கு ஒரு பின்னேரமாவது இயல்பாகவே கிடைத்திருக்க வேண்டும். அழைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. கேட்க வேண்டியது நமது பொறுப்பு. நாம் கேட்டோமா?

மொழி விஷயத்தில் காலிக்கென்றே ஒரு சாட்சி இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே, அவரும் ஒரு முஸ்லிம், கொண்டுவந்த கல்வெட்டு. அதில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கை சொல்லப்படுகிறது. காணிக்கையின் அளவு மூன்றிலும் ஏறத்தாழ ஒன்று. தூர தேசத்திலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, இந்தத் துறைமுகத்தில் இறங்கினால் ஒரு பாஷை போதாது என்று. அதற்கும் முந்தி, 1344இல், இப்னு பதூதா இந்த ஊருக்கு வந்தபோது விருந்து வைத்தவர் நாகுதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல்காரர். அப்போது மதிலும் இல்லை, போர்த்துக்கேயரும் இல்லை.

அந்தக் கல் 1911இல் எங்கே கிடைத்தது தெரியுமா? காலியில் ஒரு வடிகாலுக்கு மூடியாக. எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு மேலே ஆட்கள் நடந்திருக்கிறார்கள். இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. பாரசீகப் பகுதிதான் மிக மோசமாகத் தேய்ந்துபோனது. தமிழ்ப் பகுதியைப் பரணவிதான வாசித்து வெளியிட்டார்.

வடிகாலுக்குக் கல்லைப் போட்டவனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக வருகிறது. காரணம் வேறு. மாமியின் வீடு விலைபோன வாரம் பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டி இறக்கினோம். நிறையக் கடதாசி, எல்லாம் அறபெழுத்தில். சிலது கிதாபு மாதிரி இருந்தது, சிலது கணக்குக் கொப்பி மாதிரி. அறபுத் தமிழாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூத்தப்பாவின் வாப்பா கடைக் கணக்கை அப்படித்தான் எழுதுவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. குர்ஆன் ஆயத் இருக்குமோ, காலில் படுமோ என்ற பயத்தில், பழைய முஸ்ஹபுகளுக்குச் செய்வதைப் போல மரியாதையாகக் கட்டி, கொத்தளத்தில் ஏறிக் கடலில் விட்டோம். நானும்தான் கட்டுப் பிடித்தேன். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது, யாருக்கு எவ்வளவு கடன், எந்த ஆலிம் வந்து எங்கே தங்கினார், எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்திருக்கலாம். எங்களை யாரும் வெளியே தள்ளி எழுத்தைப் பிடுங்கவில்லை.

விழா விஷயத்திலும் நமக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. கோட்டைக்கு டிக்கெட் இல்லாத விழா ஒன்று எப்போதும் இருந்தது. பெருநாள் பின்னேரம் தலாப்பிட்டிய, கட்டுகொட பக்கத்து ஆட்களெல்லாம் புது உடுப்போடு கொத்தளத்துக்கு வருவார்கள். பொடியன்மார் பட்டம் விடுவார்கள், மாமிமார் புல்லில் பாய் விரித்து வட்டிலப்பம் திறப்பார்கள். தெற்கூர்களில் றபீஉல் அவ்வல் மாதத்து மௌலூது மஜ்லிஸ், கந்தூரி என்று ஊர் கூடும் நாட்கள் இருந்தன. அது பித்அத்தா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை, அதைப் பேச உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை நிறுத்தும்போது சனம் கூடுவதற்கு இன்னொன்றை வைத்தோமா? பல ஊர்களில் வைக்கவில்லை. நாங்கள் கூடாத முற்றத்தில் வேறு யாரோ கூடுகிறார்கள் என்று பிறகு முறைப்பாடு வைக்கிறோம்.

பினாங்கு ஜோர்ஜ் டவுனை இங்கே பார்ப்பது நல்லது. அதுவும் துறைமுகம், அங்கேயும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், 1801இல் கிடைத்த காணியில் எழும்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதைச் சுற்றி வக்பு நிலம். 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய கடைவீடுகளில் தலைமுறையாக இருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008இல் உலக மரபுரிமைப் பட்டியல், 2010 முதல் பெரிய விழா. வரிசையைப் பாருங்கள்: முதலில் ஆட்கள் போகிறார்கள், பிறகு பட்டியல் வருகிறது, பிறகு விழா. காலியில் பட்டியல் முந்தியது, முடிவு ஒன்றுதான். ஆனால் வக்பு நிலம் என்பதால் பள்ளிவாசலும் அதன் சுற்றுப்புறமும் முழுதாகச் சந்தைக்குள் போகவில்லை.

இந்த வக்பு என்ற சொல்லை நாம் ஏன் மறந்தோம் என்று எனக்கு விளங்கவில்லை. மரபுரிமைச் சட்டம் கட்டடத்தை இடிக்கவிடாது, விற்பதைத் தடுக்காது. வக்பு விற்பதையே தடுக்கும். 1956இன் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் நமது கையில் இருக்கிறது. மரணசாசனமாக எழுதினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடியாது, ஆனால் ஹயாத்தோடு இருக்கும்போதே ஒரு வீட்டை வக்பு செய்யலாம். வாரிசுகளுக்கு இது நட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நட்டம்தான். அதனால் எல்லா வீட்டையும் சொல்லவில்லை. வசதியுள்ள குடும்பங்கள் ஓரிரு வீட்டை, அல்லது பலர் சேர்ந்து பங்குகளை வாங்கி ஒரு வீட்டை அப்படி எழுதிவைத்தால், முன்பக்கத்தை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் ஓடு மாற்றலாம், பின்பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கலாம், நடுமுற்றத்தில் மாதத்துக்கு ஒரு நாள் தமிழில் ஏதாவது வாசிக்கலாம். இது கனவு என்று சிரிப்பவர்கள், கொழும்பில் கல்யாண மண்டபம் கட்டுவதற்கு நாம் சேர்க்கும் தொகையை ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும்.

மரபுரிமைக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். பெட்லர் வீதிப் பலகையில் பழைய பெயரையும் அதன் பொருளையும் மூன்று மொழியில் எழுதச் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும் உதவியில் குடியிருக்கும் வீட்டுக்கு முதலிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் விருந்தினர் இல்லத்துக்குக் கூரை போட முதலாளிக்குப் பணம் உண்டு. மிச்சமெல்லாம் நமது வேலை.

அதில் ஒன்றை இந்தப் பக்கத்திலேயே தொடங்கலாம் என்று ஆசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். கோட்டை வீடுகளின் பழைய உறுதிகள், கல்யாணக் கடிதங்கள், கடைப் பற்றுச்சீட்டுகள், முற்றத்தில் எடுத்த படங்கள் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அறபெழுத்தில் உள்ள கடதாசி என்றால் வாசிக்க முடியவில்லையே என்று கட்டி வைக்க வேண்டாம், கடலுக்கும் கொண்டுபோக வேண்டாம். பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள். அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு ஹஸ்ரத்மார் வாசித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது.